நூற்று நான்கரை டிகிரி

சிவப்பு உருண்டையை இரும்புப் பிடிக்குள் வைக்க வேண்டும். கைப்பிடியை இறக்கினால் ஒரு துளை. பிடியைத் திருப்பி மறுபடி இறக்கினால் இன்னொரு துளை. இரண்டு துளைக்கும் நடுவே நூற்று நான்கரை டிகிரி. வாயால் ஊதித் தூசியைத் தட்டிக் கூடையில் போட்டால், அது தண்ணீருக்குப் போகிற ஆக்சிஜன். ஒரு நாளைக்கு அறுநூறு. இந்த வேலையைக் கோணக்கா பத்தொன்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடங்களுக்கு அறிவியல் பெட்டி செய்து அனுப்பும் பட்டறை அது. வேதியியல் பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் உருண்டைகள் இருக்கும். சிவப்பு ஆக்சிஜன், வெள்ளை ஹைட்ரஜன், கறுப்பு கார்பன். துளைகளில் குச்சி செருகி உருண்டைகளை இணைத்தால் மூலக்கூறு. உருண்டைகள் வேறெங்கோ வார்க்கப்பட்டு மூட்டையில் வந்து இறங்கும். துளை மட்டும் இங்கே. ஒரு டிகிரி விலகினாலும் அவள் அந்த உருண்டையைக் கழித்துப் போட்டுவிடுவாள். அதனால் பாக்கிங் பெண்கள் வைத்த பெயர் கோணக்கா. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அது குணத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்து முதல் ஒரு வாரம் பயந்து ஒதுங்கி நடப்பார்கள்.

துளை அறை பட்டறையின் பின்கோடியில் இருந்தது. சன்னல் கிடையாது. பறக்கும் பிளாஸ்டிக் தூள் பாக்கிங் மேசைக்குப் போய்ப் பெட்டிகளில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கதவு எப்போதும் சாத்தியே இருக்க வேண்டும். அந்தத் தூள் லேசில் உதிராது. முழங்கைவரை, புருவம்வரை அப்பிக்கொள்ளும். மதியச் சாப்பாட்டுக்கு அவள் வெளியே வந்தால் மாவு மில்லிலிருந்து எழுந்து வருகிறவள் மாதிரி இருப்பாள். மெஷினுக்கு எதிரே ஒரு வெற்றுச் சுவர். மெஷின் ஓடும்போது யாரோடும் பேச முடியாது. ஓடாதபோது பேச ஆள் கிடையாது.

அவள் இங்கே மூன்று மாதத்துக்கென்று வந்தவள். பள்ளி இறுதித் தேர்வில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, வேதியியலில் மட்டும் ஆறு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டாள். மறுதேர்வுவரை வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அப்பா பாக்கிங்கில் சேர்த்துவிட்டார். மறுதேர்வு வந்த வாரத்தில் அப்போதிருந்த துளைக்காரருக்குக் கையில் அடிபட்டது. "ஒரு பத்து நாள் பார்த்துக்கம்மா" என்றார் முதலாளி. அந்தப் பத்து நாள்தான் இன்னும் முடியவில்லை. நடுவில் கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்து பள்ளிக்கும் போய்விட்டாள், வலது தோள்பட்டை கைப்பிடியை இழுத்து இழுத்து இறங்கிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வழி தெரிந்தது. பள்ளிகளுக்குப் போய், பெட்டியைத் திறந்து, ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உருண்டைகளை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டுகிற ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த இடத்தைக் கேட்டாள். "உன்னைவிட யாருக்கும்மா இது தெரியும்? நீதான் போறே" என்றார் முதலாளி. அடுத்த மூச்சிலேயே, "துளைக்கு மட்டும் ஒரு ஆள் அமையட்டும்" என்றார். கோணம் பிடிக்கத் தெரிந்த ஆள் அமையவே இல்லை. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் போட்ட துளையில் மூலக்கூறு நொண்டியது, இன்னொருவர் மத்தியானத்தோடு காணாமல் போனார். பள்ளிக்குப் போட என்று கோணக்கா வாங்கிய கறுப்பு ஷூ அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது.

அவளுக்கு வேதியியல் வந்தது கழிவுக் காகிதத்தில். பெட்டியோடு வைக்கிற கையேட்டில் அச்சுப் பிசகினவை துளை அறைக்கு வரும், எண்ணெய் துடைக்க. மெஷின் சூடாகிவிட்டால் கால் மணி நேரம் நிறுத்தி ஆறவிட வேண்டும். அந்தக் கால் மணிகளில் அவள் துடைக்கிற காகிதத்தைப் படித்தாள். பள்ளியில் புரியாத ஒன்று இங்கே மெல்ல மெல்லப் புரிந்தது.

அணுக்கள் ஒட்டிக்கொள்வது எலெக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொள்வதால்தான். ஆளுக்கு ஒன்று கொடுத்து இரண்டு எலெக்ட்ரானைப் பொதுவில் வைக்கும். பெட்டியில் இருக்கிற ஒரு குச்சி அந்த இரண்டு எலெக்ட்ரானுக்கு அடையாளம். ஆனால் பொதுவில் வைத்தது சமமாகத்தான் போகும் என்று இல்லை. இதைப் படித்தபோது அவளுக்கு வீட்டு மின்விசிறி ஞாபகம் வந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்புகிற மேசை விசிறி. வாங்கின புதிதில் அவளுக்கு எவ்வளவு காற்றோ புருஷனுக்கும் அவ்வளவு காற்று. இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்தால் அப்படித்தான். இரண்டுக்கும் ஒரே இழுப்பு, எலெக்ட்ரான் நடுவாகப் பங்காகும். அது முனைவற்ற பிணைப்பு. பிறகு விசிறியின் பல்சக்கரம் தேய்ந்து, புருஷன் பக்கம் போனால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத்தான் திரும்பும். இவளுக்குக் காற்றே இல்லாமல் போகவில்லை, குறைந்து போனது. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் இந்தக் கதைதான். ஆக்சிஜனுக்கு இழுப்பு அதிகம். எலெக்ட்ரான் அந்தப் பக்கம் அதிக நேரம் தங்கும். தங்குகிற பக்கம் லேசாக எதிர்மின், மறுபக்கம் லேசாக நேர்மின். ஒரே பிணைப்பில் இரண்டு முனை. அது முனைவுள்ள பிணைப்பு.

புருஷனிடம் இதைச் சொன்னபோது, "அதுக்காக நான் ஆக்சிஜனா?" என்றார் அவர்.

"இழுக்கிறது நீங்க இல்ல, விசிறி" என்றாள்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நான்கு தெருவுக்கு எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும்.

ஒரு திங்கட்கிழமை காலை முதலாளியே துளை அறைக்கு வந்தார். வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, இன்னொரு கையில் புதிதாக அச்சிட்ட கையேட்டை வைத்திருந்தார். கோணக்கா மெஷினை நிறுத்தினாள்.

"ஏம்மா, தண்ணி உருண்டை எல்லாம் ஏன் கோணலா இருக்கு?"

"அது அப்படித்தான் சார் இருக்கணும்."

"படத்தில நேரா இருக்கே."

வாங்கிப் பார்த்தாள். நடுவில் சிவப்பு, இரண்டு பக்கமும் வெள்ளை, மூன்றும் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி ஒரே கோட்டில் நின்றன. பழைய கையேட்டில் இப்படி இல்லை. புதியதைக் கம்ப்யூட்டரில் செய்தவர் முதலாளியின் மருமகன். பட்டறையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான்.

"எண்ணூறு பெட்டி ஆர்டர் கொடுத்திருக்காங்களே, அந்த ஆபீஸ்ல ஒருத்தர் படத்தையும் பொருளையும் பக்கத்துல வெச்சுப் பார்த்திருக்கார். படத்தில் உள்ளபடி இல்லைன்னு எழுதிட்டார். கையேடு மொத்தமும் அடிச்சு வந்தாச்சு. அதனால நீ உருண்டையை மாத்திடு."

"சார், படம்தான் தப்பு."

"இருக்கட்டும்மா. கார்பனுக்கு நேரா ஓட்டை போடற பிடி இருக்கில்ல, அதுலயே சிவப்பையும் போட்டுடு. வெள்ளிக்கிழமை லாரி." கதவுவரை போனவர் திரும்பினார். அடுத்து அவர் சொன்னதைச் சந்தோஷமான செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். "இன்னொண்ணு கவனிச்சியா? நேர் ஓட்டைன்னா யாரு வேணா போடலாம். கோணம் கீணம் எதுவும் பார்க்க வேண்டாம். ஆளும் சொல்லி வெச்சுட்டேன். இதை முடிச்சுக் கொடு, அடுத்த திங்கட்கிழமை நீ ஸ்கூலுக்குக் கிளம்பு."

அவர் போன பிறகும் அவள் மெஷினைப் போடவில்லை.

நேர்த்துளைப் பிடியை எடுத்து மாட்டினாள். பத்து உருண்டைக்குத் துளை போட்டாள். கை தானாகவே போனது, திருப்பவேண்டியதில்லை, அளக்கவேண்டியதில்லை. பத்திலும் குச்சி செருகி வெள்ளை உருண்டைகளை மாட்டி மேசையில் வரிசையாக வைத்தாள். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச்சீட்டு போகும். 'சரிபார்த்தவர்' என்று அச்சிட்டிருக்கும், அதற்கு நேராக அவள் கையெழுத்து. எண்ணூறு சீட்டும் ஒரு கட்டாக மேசையில் இருந்தது. பேனாவைத் திறந்தாள், மூடினாள். பிறகு பத்து உருண்டையையும் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

புருஷன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "நேரா போட்டா உன்னை விடுவாங்க. கோணலா போட்டா விடமாட்டாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"விட்டப்புறம் நான் எங்க போவேன்? ஸ்கூலுக்கு. அங்க போய் இந்த நேர்த் தண்ணியைத்தானே கையில பிடிச்சுக் காட்டணும்."

"காட்டு. அந்தப் பிள்ளைங்க என்ன, வீட்டுக்குப் போய்த் தண்ணியைப் பிரிச்சா பார்க்கப் போறாங்க?"

மகள் நேர் உருண்டைக் கோவை ஒன்றை எடுத்து விரலில் வைத்துத் தராசு மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளெல்லாம் மாட்டிக்கிட்டவங்களை வெளியில எடுக்கிறதுதான் என் வேலை" என்றார் அவர், கை கழுவப் போகும்போது. "கதவைத் திறந்துவிட்டா யாரும் உள்ள நின்னு யோசிச்சு நான் பார்த்ததில்ல."

மறுநாள் காலை அவள் முதலாளியின் அறைக்குப் போனாள். மாப்பிள்ளையும் அங்கே இருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார் முதலாளி.

"சார், இது தண்ணியே இல்ல." ஒரு நேர் உருண்டைக் கோவையை மேசையில் வைத்தாள். "தண்ணி வளைஞ்சு இருக்கிறதாலதான் உப்பைக் கரைக்குது. அதனாலதான் டம்ளர்ல தண்ணியா நிக்குது. நேரா இருந்திருந்தா இந்நேரம் காத்தா போயிருக்கும்."

"பசங்களுக்கு எதுக்கும்மா அவ்வளவு?"

"பசங்களுக்குத்தானே சார் பெட்டி?"

மாப்பிள்ளை நெளிந்தார். "அது வந்து மாமா, பக்கத்தை ரெண்டு பத்தியா பிரிச்சேன். வளைஞ்ச படம் பக்கத்துப் பத்திக்குள்ள போயிடுச்சு. அதான் கொஞ்சம் நிமிர்த்தினேன்."

"எதை நிமிர்த்தினீங்க?" என்றாள் கோணக்கா.

"தண்ணியை."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சரி, நிமிர்ந்தா என்ன குறைஞ்சிடுச்சு? பிணைப்பு அதே பிணைப்பு, உருண்டை அதே உருண்டை. புரியற மாதிரி சொல்லு, ஒத்துக்கறேன்."

அவள் அவரையே பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்தது சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. "எழுந்திருக்காதீங்க சார்" என்றுவிட்டு வெளியே போய், பாக்கிங்கிலிருந்து இரண்டு பெண்களை அழைத்து வந்தாள். ஒருத்தி எப்போதும் மணிக்கட்டில் டேப் உருளையை வளையலாக மாட்டிக்கொண்டிருப்பவள். அவளை டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். இருவர் கையிலும் ஆளுக்கு ஒரு நீண்ட அட்டைக்குழாய், சுவரொட்டி சுருட்டி அனுப்புகிற குழாய்.

"சார்தான் ஆக்சிஜன். நீங்க ரெண்டு பேரும் ஹைட்ரஜன். ஆக்சிஜன் உங்ககிட்டேர்ந்து எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்குது. இழுக்கிறது அதுதான். கண்ணுக்குத் தெரியறதுக்காக, நீங்க நடுவுக்குத் தள்ளுறதா வெச்சுக்கலாம். டேப்பு, நீ இந்தப் பக்கம். அவ நேர் எதிரே. குழாயை நாற்காலிக் கையில வெச்சு ஒரே சமயத்தில தள்ளுங்க."

"முதலாளியைத் தள்ளச் சொல்றீங்களே அக்கா, அப்புறம் என்னைத் தள்ளிட மாட்டாரே?" என்றாள் டேப்பு.

"தள்ளு."

தள்ளினார்கள். நாற்காலி கிறீச்சிட்டது. நகரவில்லை. முதலாளி இரண்டு குழாய்க்கும் நடுவே தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தீங்களா? ரெண்டு பக்கமும் தள்ளுது. ரெண்டு பிணைப்பும் முனைவுள்ளதுதான். ஆனா ஒண்ணை ஒண்ணு அடிச்சுடுது. மொத்தத்துல முனையே இல்ல. கார்பன் டை ஆக்சைடு இப்படித்தான், நேரா. அதுல நடுவுலேர்ந்து வெளியே இழுப்பு, இதுல வெளியேர்ந்து உள்ளே, அவ்வளவுதான் வித்தியாசம். இப்ப ரெண்டு பேரும் முன்பக்கம் வாங்க. இன்னும் கொஞ்சம். போதும்." கண்ணாலேயே அளந்தாள். "நூத்தி நாலரை. தள்ளுங்க."

நாற்காலி பின்னால் உருண்டது. முதலாளி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போய் அலமாரியில் இடித்து நின்றார். மேலேயிருந்து ஒரு கோப்பு அவர் மடியில் விழுந்தது. பாக்கிங் பெண்கள் குழாயைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வெளியே சிரிப்பது கதவைத் தாண்டிக் கேட்டது.

"நீங்க போன பக்கம் எதிர்மின் முனை" என்றாள் கோணக்கா, சிரிக்காமல். "அவங்க நின்ன பக்கம் நேர்மின் முனை. இந்த ரெண்டு முனையை வெச்சுத்தான் தண்ணி உப்பைப் பிடிச்சு இழுக்குது, பக்கத்துத் தண்ணியோட ஒட்டிக்குது. நிமிர்த்தினா முனை போயிடும். என் கையெழுத்துப் போட்டு அதை அனுப்ப முடியாது சார்."

முதலாளி கோப்பை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். கையேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை" என்றார் கடைசியில், "அந்தப் பக்கத்தை மறுபடி அடிங்க. எண்ணூறுலயும் பழசைக் கிழிச்சுப் புதுசை ஒட்டச் சொல்லுங்க. அந்த ஆபீஸ்காரருக்கு நான் எழுதறேன்." பிறகு கோணக்காவிடம் திரும்பினார். அவர் முகத்தில் உண்மையான நன்றி இருந்தது. அதைப் பார்த்தபோதே அவளுக்கு அடுத்தது என்னவென்று தெரிந்துவிட்டது. "நல்ல வேளைம்மா. வேற ஒருத்தர் அங்க உட்கார்ந்திருந்தா நேர் ஓட்டையே போட்டிருப்பாங்க, லாரியும் போயிருக்கும். இப்பத்தான் எனக்குப் புரியுது. உன்னை அந்த மெஷினைவிட்டு எடுக்கவே கூடாது."

"சார், ஸ்கூல் வேலை..."

"மாப்பிள்ளை போகட்டும். இந்த நாற்காலி விளையாட்டை அவருக்கும் சொல்லிக் கொடுத்துடு."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். திட்டினால் திருப்பித் திட்டலாம். பாராட்டுகிறவரிடம் என்ன பேசுவது?

பேசியது மாப்பிள்ளைதான். "மாமா, எனக்கு வராது. நான் தண்ணியையே நிமிர்த்தினவன். அவங்க சொன்னாத்தான் நிக்கும். வாரத்துல ஒரு நாளாவது விடுங்க."

முதலாளி விரலால் மேசையைத் தட்டி யோசித்தார். "வியாழக்கிழமை. ஒரு நாள். ஆனா அன்னிக்குப் போடற அறுநூறு உருண்டை ஞாயித்துக்கிழமை முடிஞ்சிருக்கணும்."

"ஞாயித்துக்கிழமை வீட்ல..." என்று ஆரம்பித்தாள்.

"அப்ப வேண்டாம்னா வேண்டாம்."

"வர்றேன் சார்" என்றாள். வாய் முந்திக்கொண்டது. வெளியே வந்த பிறகுதான், ஆறு நாளாக இருந்தது ஏழு நாளானது உறைத்தது. வாரத்தில் ஒரு நாள் வெளியே. அதற்கு ஈடாக இருந்த ஒரே ஓய்வு நாளும் உள்ளே.

அன்று இரவு புருஷன் முழுவதையும் கேட்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை சமையலை நான் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

முதல் வியாழக்கிழமை, ஒரு வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றாள். புது ஷூ குதிகாலைக் கடித்தது. முதல் ஐந்து நிமிடம் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசுகிற பழக்கத்தில் கத்திக்கொண்டே இருந்தாள். முன்வரிசையில் ஒரு பையன் காதைப் பொத்தினான். பிறகு குரல் தணிந்தது. ஆசிரியரை நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளச் சொன்னபோது மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. இரண்டு துளை, நூற்று நான்கரை டிகிரி. நாற்பது கைகளில் நாற்பது தண்ணீர்.

மணி அடிக்கப் போகிற நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "ஆக்சிஜனுக்கு மட்டும் ஏன் அவ்வளவு இழுப்பு?"

கோணக்காவுக்குத் தெரியவில்லை. கழிவுக் காகிதத்தில் அது இல்லை. அதற்குள் மணி அடித்தது, பட்டறை வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. "அடுத்த வாரம் வருவீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"அடுத்த வாரம் வேற ஸ்கூல்."

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் யாரும் இல்லை. வாசல்காரர் பூட்டைத் திறந்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். அவள் நூறு உருண்டை போட்டாள், இருநூறு போட்டாள். தோள் இழுத்தது. வெள்ளிக்கிழமை மகளிடம் சொல்லி, அவள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவரச் செய்து, சனிக்கிழமை வேலை முடிந்த பிறகு ராத்திரி முழுவதும் அதைப் படித்திருந்தாள். பதில் அதில் இருந்தது.

மெஷினை நிறுத்தினாள். நிறுத்தியது ஏன் என்று கேட்க அன்றைக்கு ஆள் இல்லை. எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னாள்:

"ஹைட்ரஜனோட நடுக்கருவில ஒரே ஒரு நேர்மின். ஆக்சிஜன் நடுவில எட்டு. எட்டையும் முழுசா மறைக்கிற அளவுக்கு உள்ளே எலெக்ட்ரான் கிடையாது. அதனால அந்த இழுப்பு வெளியே, பங்குபோட்ட எலெக்ட்ரான் வரைக்கும் எட்டுது."

சரியாக வரவில்லை என்று தோன்றியது. கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி, ஆனால் கத்தாமல், இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை நன்றாக வந்தது. பிறகு உட்கார்ந்து அடுத்த சிவப்பு உருண்டையை எடுத்தாள். இன்னும் நானூறு இருந்தது.